பெயரேட்டில் இருப்போரும் பணியில் இருப்போரும்

(சங்கத்தின் சொற்பொழிவு வரிசையில் “கட்டற்ற மென்பொருட் சபைகளின் நிருவாகம்” என்னும் பொருள் பற்றி நிகழ்த்தப்பட்ட பேச்சு)



வாராத அங்கத்தவரை என்ன செய்வது என்னும் கேள்வி எந்தச் சங்கத்துக்கும் புதியதன்று. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒருவருடைய பெயர் பிரேரிக்கப்படும், மற்றொருவர் ஆமோதிப்பார், சபை கரகோஷஞ் செய்யும். முதலாவது கூட்டத்துக்கு அவர் வருவார். இரண்டாவது கூட்டத்துக்கு, வர இயலாமைக்கு வருந்துவதாக ஒரு கடிதம் வரும். மூன்றாவது கூட்டத்துக்குக் கடிதமும் வராது. ஆயினும் அவருடைய பெயர் கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஆண்டு முழுவதும் வீற்றிருக்கும். முன்வரிசையில் இருக்கும் பெரியோர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நான் பேச வந்தது நமது ஊர்ச் சங்கங்களைப் பற்றியன்று. ஒருவரையொருவர் முகங்கூடக் காணாத ஆயிரக்கணக்கான தொண்டர்கள், பல தேசங்களிலிருந்து கூடி நடத்துகின்ற சில சபைகளைப் பற்றியே பேச எண்ணுகின்றேன். அவர்களுக்கும் இதே கேள்வி எழுந்தது. அவர்கள் கண்ட விடைகள் பலவிதமானவை. சில எனக்கு உடன்பாடானவை, சில உடன்பாடில்லாதவை.

இங்கிருக்கும் பெரியோர்களுக்காகச் சிறிது முன்னுரை கூறவேண்டும். கணினியை இயக்குகின்ற கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்கின்றோம். கட்டளைகளை மனிதர் எழுதும் வடிவத்துக்கு மூலநிரல் என்று பெயர். அந்த மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்க்கு வழங்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படுவதே கட்டற்ற மென்பொருள். திறந்த மூல மென்பொருள் என்றுஞ் சொல்வர். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் குனூ என்னும் திட்டத்தை அறிவித்து இவ்வியக்கத்துக்கு வித்திட்டார். 1991இல் பின்லாந்தின் சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தமது இருபத்தோராம் வயதில், லினக்ஸ் என்னும் கருநிரலை உலகுக்கு அளித்தார். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசி ஆண்ட்ரொயிட் வகையினதாயின், அதன் அடியில் இருந்து உழைப்பது அந்த லினக்ஸே.

நம் நாட்டுக்கும் இதிற் பங்குண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நமது கரைகளை அழித்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் பதிவு செய்ய ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் அதனை எழுதி ‘சஹான’ எனப் பெயரிட்டனர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது அதே மென்பொருள் அங்கும் பயன்பட்டது. இத்தகைய தொண்டுப் பணிக்கு மாணவர்களை ஊக்கப்படுத்த கூகிள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் கோடைக்காலத் திட்டத்தில், முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே மிக அதிக மாணவர்களை அனுப்பியது நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். ஆகவே எங்கோ யாரோ நடத்தும் காரியம் என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு மென்பொருளை ஒருவரே எழுதும் வரையில் நிருவாகம் என்ற பேச்சு எழுவதில்லை. அவர் சொன்னதே விதி. பத்துப்பேர் சேர்ந்தால் ஒரு தலைவர் வேண்டும். நூறு பேரானால் செயற்குழு, தேர்தல், யாப்பு, பணத்தை வைத்திருக்க ஒரு பதிவு செய்த தாபனம் எல்லாம் வேண்டும். டெபியன் என்னும் பெருந்திட்டம் 1993இல் இயன் மர்டொக் என்னும் மாணவராலே தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் நடத்தியபின் 1996இல் அவர் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைத்து விலகினார். தொடங்கியவரே காலமறிந்து கையளித்தமையாற்போலும், 1998இல் அத்திட்டம் தனக்கென எழுத்துமூலமான யாப்பொன்றை நிறைவேற்றிக்கொண்டது. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றது. இன்று சுமார் ஆயிரம் நிரலாளர் வாக்குரிமை உடையவராய் அதில் இருக்கின்றனர்.

எல்லாச் சபைகளுக்கும் இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஜென்டூ என்னும் சபையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லுகின்றேன், ஏனெனில் இன்றைய பேச்சுக்கு அதுவே உயிர்நிலை.

ஜென்டூ என்பது லினக்ஸ் வகைகளில் ஒன்று. டானியல் ரொபின்ஸ் என்பவர் அதனைத் தோற்றுவித்தார். 2004இல் அவர் விலகிச் செல்லும்போது, பெயருரிமையையும் பணத்தையும் காக்க, அமெரிக்காவின் நியூ மெக்ஸிக்கோ மாநிலத்தில் இலாப நோக்கற்ற தாபனமொன்று பதிவு செய்யப்பட்டது. அதற்கு நம்பிக்கைப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டனர். நம் கோயில் வழக்கிற் சொன்னால் தருமகர்த்தாக்கள். மென்பொருள் சம்பந்தமான தீர்மானங்களுக்கு, 2005 முதல், எழுவர் கொண்ட ஓர் ஆலோசனைச் சபை தனியாக இயங்கியது. ஆக ஒரு கூரையின்கீழ் இரண்டு கொமிற்றிகள்: ஒன்று வேலையைப் பார்ப்பது, மற்றது காகிதத்தைப் பார்ப்பது.

காகிதத்தைப் பார்க்கும் கொமிற்றிக்கு என்ன நேர்ந்தது? மாநில அரசாங்கத்துக்கு ஆண்டுதோறும் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். கடினமான வேலையன்று, சில படிவங்களை நிரப்பிக் கையொப்பமிட்டு அனுப்பினாற் போதும். அது அனுப்பப்படவில்லை. பொறுப்பாளர் ஒவ்வொருவரும் மற்றவர் அனுப்பியிருப்பார் என்று இருந்தனரோ, அல்லது தாம் இன்னும் பொறுப்பாளர் என்பதையே மறந்தனரோ அறியோம். 2008 ஜனவரியில் உலகத்துக்குத் தெரியவந்த செய்தி இது: தாபனத்தின் பதிவு இரத்துச் செய்யப்பட்டுவிட்டது. சட்டத்தின் கண்ணில் அத்தாபனம் உயிருடன் இல்லை. இச்செய்தியைப் பகிரங்கமாக எழுதியவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் விலகிப்போன அதே ரொபின்ஸ். தாமே திரும்பி வந்து தலைமை தாங்கவும் அவர் முன்வந்தார்.

இதில் வியக்கத்தக்கது என்னவெனின், அந்தக் காலமெல்லாம் மென்பொருட் பணி ஒருநாளும் நிற்கவில்லை. நிரலாளர் தினந்தோறும் எழுதினர், திருத்தினர், வெளியிட்டனர். தேர் ஓடிக்கொண்டிருந்தது, கோயில் உறுதி மாத்திரம் காலாவதியாகிக் கிடந்தது. உழைப்பவர்கள் இருக்கின்றார்கள் என்பதனாலேயே பொறுப்பாளரும் இருக்கின்றார்கள் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டனர். அவ்வாண்டிலேயே புதிய பொறுப்பாளர் தெரிவு செய்யப்பட்டுப் பதிவும் மீட்கப்பட்டது. ரொபின்ஸின் கை உதவி வேண்டப்படவில்லை. பழைய தலைவரை மீண்டும் ஏற்றுவதிலும் புதியவரைத் தெரிவதே மேலென்று அவர்கள் கருதினர். அது சரியான முடிவென்றே நான் எண்ணுகின்றேன். ஆயினும் கணக்குவழக்குச் சுமை அதன் பின்னும் அவர்களை விடவில்லை. 2024இல் ஜென்டூ, இத்தகைய சபைகள் பலவற்றுக்குப் பொதுவாகப் பணமும் சட்டக்காரியமும் பார்க்கும் ‘பொதுநல மென்பொருள்’ என்னும் அமெரிக்கத் தாபனத்தோடு தன்னை இணைத்துக்கொண்டது. தம்மாலாகாத வேலையை ஆகக்கூடியவரிடம் கொடுப்பது தோல்வியென்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை.

வேலையைப் பார்க்கும் மற்றச் சபையோ நேர்மாறான விதியைத் தனக்கு வகுத்திருந்தது. எழுவரில் ஒருவர், தாமோ தம் பதிலாளோ வராமல், அடுத்தடுத்து இரண்டு கூட்டங்களுக்குத் தவறினால் அவர் பெயருக்கெதிரே ‘சோம்பர்’ என்று குறிக்கப்படும். அவ்வாறு குறிக்கப்பட்டவர் இன்னுமொரு கூட்டத்துக்குத் தவறினால் பதவி போய்விடும். அவருடைய இடத்துக்குத் தேர்தல் நடக்கும். ஒரு கூட்டத்துக்குப் பாதிப்பேருக்குக் குறைவாக வந்தால் முழுச் சபைக்குமே ஒரு மாதத்துள் புதிய தேர்தல் நடத்த வேண்டும். அதே 2008ஆம் ஆண்டு மே மாதத்தில், விசேடமாகக் கூட்டிய ஒரு கூட்டத்துக்குப் பாதிப்பேர்கூட வரவில்லை. விசேட கூட்டத்துக்கும் இவ்விதி பொருந்துமா என்று பெரும் வாதம் எழுந்தது. முடிவிற் புதிய தேர்தல் நடந்தது.

இந்த விதியின் கூர்மையை நான் மெச்சுகின்றேன். அதிலுள்ள சொல்லை மெச்சவில்லை. சம்பளமின்றி இரவில் கண்விழித்து உழைத்த ஒருவர், வீட்டில் ஒரு நோய் வந்ததால் இரண்டு கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராவிட்டால் சோம்பர் என்று எழுதிவைப்பதா? பகிடியாகச் சொன்ன சொல்லென்று சிலர் சமாதானஞ் சொல்வர். ஏட்டில் ஏறிய பகிடி சில ஆண்டுகளிற் பகிடியாயிராது. பிரீபிஎஸ்டி என்னும் வேறொரு சபையின் வழக்கை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நெடுங்காலம் மூலநிரலிற் கைவைக்காத நிரலாளரிடமிருந்து எழுதும் உரிமை எடுத்துக்கொள்ளப்படுகின்றது. காரியம் ஒன்றுதான்; ஆனால் ஏட்டில் அவர்கள் எழுதும் வாசகம், அவ்வுரிமை ‘பாதுகாப்பாக வைத்திருப்பதற்கு’ வாங்கப்பட்டது என்பதாம். வெளியூர் போகின்றவருடைய திறப்பை அயல்வீட்டார் வாங்கி வைப்பதுபோல. திரும்பி வந்தாற் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒருவருக்கும் மானக்குறைவில்லை.

வராதவர் பெயர் பட்டியலில் இருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நம்மூர்த் தேர்த்திருவிழாவில் வடம் பிடிப்போரை எண்ணிப் பாருங்கள். வடத்தைத் தொட்டுக்கொண்டு மாத்திரம் நடப்போர் உண்டு. தேருக்கு அவர்களால் இழப்பில்லை, அவர்களுக்கும் புண்ணியங் கிடைக்கும். ஆயின் முட்டுக்கட்டை போடுகின்றவர் இடத்தில் ஒருவர் பெயருக்கு நின்றால் நிலைமை வேறு. அந்த இடத்தில் வேறொருவர் நிற்க முடியாது. ஆள் இருக்கின்றார் என்று எல்லாரும் நம்பியும் இருப்பர். மென்பொருட் சபையிலும் இப்படித்தான். சாதாரண அங்கத்தவர் வராமையால் இழப்பு அதிகமில்லை. பொறுப்பான இடத்தில் இருப்பவர் வராமையாற் பலவகை இழப்பு உண்டாகின்றது. அவர் கையில் ஒரு சாவி இருக்கின்றது. மூலநிரலை மாற்றவோ வெளியிடவோ அனுமதிக்கும் கடவுச்சொல் அது. உரியவர் கவனிக்காத சாவியைத் திருடன் எடுத்தால், எடுத்தது தெரிவதற்கே மாதங்கள் ஆகலாம். வாக்கெடுக்கும்போது அவர் எண்ணிக்கையிற் சேர்வதாற் கோரம் உயர்கின்றது. எல்லாவற்றிலும் மேலாக, ஒரு புதிய இளைஞன் வந்து பார்க்கும்போது பட்டியலில் ஏழு பெயர்களைக் காண்கின்றான். இங்கே ஆட்குறையில்லை என்று நினைத்துத் திரும்பிவிடுகின்றான். அந்த ஏழு பேரில் ஒருவர் மாத்திரமே உழைக்கின்றார் என்பது அவனுக்குத் தெரியாது. இந்தக் கடைசி இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. ஏனெனில் அது எந்த அறிக்கையிலும் பதிவாகாது.

கோரத்தைப் பற்றிச் சொன்னேன். மிஷன் பாடசாலையின் விவாத சங்கத்தில், மூன்றிலொரு பங்கினர் வந்தனரா என்று தலை எண்ணிப் பழகிய எனக்கு, டெபியன் யாப்பிலுள்ள கணக்கு மிகவும் புதுமையாயிருந்தது. அவர்கள் பாதி என்றோ மூன்றிலொன்று என்றோ வைக்கவில்லை, வர்க்கமூலம் எடுக்கின்றார்கள். மொத்த நிரலாளர் தொகையின் வர்க்கமூலத்திற் பாதி. பொதுத் தீர்மானத்துக்கு அதன் மும்மடங்கு. 900 பேர் இருந்தால் வர்க்கமூலம் 30, அதிற் பாதி 15, மும்மடங்கு 45. ஆகவே ஒரு தீர்மானம் நிறைவேற 45 பேராவது அதனை விரும்பி வாக்களித்திருக்க வேண்டும். 900 பேரில் 45 பேரா என்று நகைக்க வேண்டாம். சபை நான்கு மடங்கு பெருகினால் வர்க்கமூலம் இரு மடங்கே பெருகும். தொண்டர் சபை பெருக்கப் பெருக்கச் செயற்படாதோர் வீதமும் பெருகும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு வகுத்த கணக்கு இது. வராதோரைத் திட்டாமல், அவர்களால் வேலை நிற்காதவாறு மாத்திரம் செய்துவிடுகின்றது.

அப்பாச்சி என்னும் தாபனம் வேறொரு வழியிற் சென்றது. 1995இல் எட்டுப்பேர் கொண்ட ஒரு குழுவாகத் தொடங்கி, 1999இல் முறையான தாபனமாகியது. இன்று நூற்றுக்கணக்கான மென்பொருட் திட்டங்கள் அதன் கீழ் உள்ளன. அங்கே சிறு காரியங்களுக்கு மௌனமே சம்மதம். ஒருவர் தாம் செய்யப்போவதை அறிவித்து, வழக்கமாக 72 மணி நேரம் பொறுத்திருப்பார். யாரும் தடை சொல்லாவிடின் செய்துவிடுவார். ஆனால் ஒரு மென்பொருளை வெளியிட வேண்டுமாயின் மௌனம் போதாது. அத்திட்டத்தின் நிருவாகக் குழுவில் மூன்று பேராவது வாய்திறந்து ஆம் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவும் மூன்று மாதத்துக்கொருமுறை இயக்குநர் சபைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்று பேர் கூட வாய்திறக்க ஆளில்லையென்றால் அத்திட்டம் முடிந்ததென்று கொண்டு, 2008இல் ஏற்படுத்தப்பட்ட ‘பரண்’ என்னும் இடத்துக்கு அனுப்பப்படும். நம் வீட்டுப் பரணில் பழைய பித்தளைச் சாமான் கிடப்பதுபோல, மூலநிரல் எவரும் பார்க்கத்தக்கதாய் அங்கே கிடக்கும். வேண்டியவர் எடுத்துத் துலக்கிக்கொள்ளலாம்.

அப்பாச்சியில் இன்னொரு கொள்கையும் உண்டு. ஒருவர் உழைத்துச் சம்பாதித்த தகுதி காலத்தாற் கழிவதில்லை என்பர். ஐந்தாண்டுகளின் பின் வந்தாலும் அவர் பழைய மதிப்புக்குரியவரே. இக்கொள்கை பெருந்தன்மையானது. ஆனால் இதனைத் தவறாகப் பற்றிக்கொள்வோரும் உளர்; தகுதி கழியாது என்பதாற் பதவியும் கழியாது என்பர். அங்கேதான் நான் மாறுபடுகின்றேன். மதிப்பு வேறு, சாவி வேறு, வாக்கெண்ணிக்கையில் எண்ணப்படுவது வேறு. நம் சங்கங்களில் இம்மூன்றையும் ஒரே கயிற்றிற் கட்டிவிடுகின்றோம். பதவியை எடுத்தால் மதிப்பையும் எடுத்ததாகும் என்றஞ்சி ஒன்றையும் எடுப்பதில்லை. போஷகர் என்று ஒரு பட்டத்தை நம் முன்னோர் ஏற்படுத்தியது இந்தச் சிக்கலை அவிழ்க்கவே என்று எண்ணுகின்றேன். டெபியனிலும் ஓய்வுபெற்றோருக்கு அதுபோன்ற ஒரு நிலையுண்டு; அந்நிலையில் இருந்தவர் திரும்பிவர விரும்பினால், புதியவருக்குரிய நீண்ட பரீட்சைகளெல்லாம் அவருக்கில்லை.

பைதன் என்னும் நிரல்மொழியின் சபையைப் பற்றியுஞ் சொல்ல வேண்டும். அதனைப் படைத்த நெதர்லாந்து நாட்டவர் குய்டோ வான் ரொசம், பல்லாண்டுகள் ஏகத் தலைவராயிருந்தார். ‘ஆயுட்கால நல்லெண்ண சர்வாதிகாரி’ என்பது அவருக்குப் பகிடியாக இட்ட பட்டம். 2018 ஜூலை 12ஆந் திகதி, கசப்பான ஒரு வாதத்தின் பின், தாம் களைத்துவிட்டதாகவும் இனித் தலைமை தாங்கப்போவதில்லை என்றும் எழுதினார். வாரிசை நியமிக்கவில்லை. எப்படி ஆளப்பட வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று விட்டுவிட்டார். ஏழு யோசனைகள் எழுந்தன. டிசம்பரில் வாக்கெடுத்து, ஐவர் கொண்ட வழிநடத்தற் சபை என்ற யோசனை ஏற்கப்பட்டது. 2019இல் தெரிவான முதற் சபையில் ஐவருள் ஒருவராக அவரும் இருந்தார்! ஏகத் தலைவராயிருந்தவர் ஐந்திலொருவராய் அமர்ந்தார். அடுத்த தேர்தலில் அதுவும் வேண்டாமென ஒதுங்கினார். அவர்களுடைய யாப்பில் இரண்டு ஒழுங்குகள் எனக்குப் பிடித்தவை. ஒரே கம்பனியில் வேலை பார்ப்போர் இருவருக்கு மேல் சபையில் இருக்கக்கூடாது. இரண்டாண்டுகளாகக் குறிப்பிடத்தக்க பணி எதுவுஞ் செய்யாதவரைச் செயற்படாதோர் பட்டியலுக்கு மாறும்படி கேட்கலாம். பதிலே வராவிடின் மாற்றிவிடலாம். முதலிற் கேட்கின்றார்கள், பின்புதான் மாற்றுகின்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

டெபியனின் தொழில்நுட்பக் குழு இதனிலும் ஒரு படி மேற் சென்றது என்பேன். நிரலாளரிடையே பிணக்கு வந்தால் இறுதித் தீர்ப்பு வழங்கும் குழு அது, எட்டுப்பேருக்கு மேற்படாதது. முன்பு அதற்குக் காலவரையறை இல்லை. ஒருமுறை அமர்ந்தால் தாமாக எழுந்தாலன்றி எழுப்புவார் இலர். 2014ஆம் ஆண்டின் கடைசியில் வாக்கெடுத்து ஒரு விதி செய்தனர். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதலாந் திகதி, மிக மூத்த இருவரைப் பார்ப்பர். அவர்கள் 42 மாதத்துக்கு மேல் இருந்துவிட்டனராயின் அவ்வாண்டு டிசம்பர் 31உடன் அவர்கள் பதவி முடியும். வந்தாரா, வரவில்லையா, உழைத்தாரா, உறங்கினாரா என்ற விசாரணையே இல்லை. மிக நன்றாக உழைப்பவரும் போகத்தான் வேண்டும். எல்லாரும் போவதால் எவருக்கும் அவமானமில்லை. இது அநியாயமென்று சிலர் கூறுவர்: நல்லவரையும் ஏன் அனுப்ப வேண்டும்? நல்லவரை அனுப்புவதாலேதான் செயற்படாதவரை மனம் நோகாமல் அனுப்ப முடிகின்றது என்பது என் பதில். இந்த விலை கொடுக்கத்தக்கதே.

இதுவரை கேட்டவர்கள், வராதவரை அகற்றுவது ஒன்றே மருந்தென்று நான் சொல்வதாக எண்ணக்கூடும். அப்படியன்று. மறுபக்கத்தைக் காட்டும் சம்பவம் 2024ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. உலகமே ஒரு மயிரிழையில் தப்பியது என்று சொல்வது மிகையாகாது.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் என்ற சிறு மென்பொருள், ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினியிலும் இருப்பது. அதனைப் பல்லாண்டுகளாகப் பேணியவர் ஒரே ஒரு தொண்டர். அவர் தளர்ந்திருந்தார், வேலை மெதுவாயிற்று, அதை அவரே மறைக்காமல் எழுதியுமிருந்தார். 2021இல் ஒரு புதியவர் உதவிக்கு வந்தார். 2022இல் முன்பின் தெரியாத பெயர்கள் சில தோன்றி, ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுக்கலாமே என்று அந்தத் தொண்டரை நெருக்கின. வராத அங்கத்தவரைப் பற்றி நாம் பேசும் அதே பேச்சு. நியாயமான குரல்போலவே ஒலித்தது. புதியவரோ பொறுமையாக, நல்ல திருத்தங்களையே அனுப்பிவந்தார். இறுதியிற் சாவி அவர் கைக்குப் போயிற்று. 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த பதிப்புகளில், கணினிக்குள் கள்ளமாக நுழைய ஒரு வழி புதைக்கப்பட்டிருந்தது. அண்ட்ரெஸ் பிரொய்ண்ட் என்னும் பொறியியலாளர், தம் கணினியில் உள்நுழைவதற்கு வழக்கத்திலும் அரை வினாடி கூடுதலாகப் பிடிக்கின்றதே என்று ஐயுற்று ஆராய்ந்து, மார்ச் 29ஆந் திகதி அதனை அம்பலப்படுத்தினார். அரை வினாடியைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் அந்தப் பதிப்பு உலகத்துச் சேவையகங்களெங்கும் பரவியிருக்கும்.

இதிலிருந்து, களைத்தவரை ஒருபோதும் நெருக்கலாகாது என்று முடிவு செய்வதும் சரியன்று. அவர் தனியே களைத்துக் கிடந்ததுதான் முதற் கேடு. பொறுப்பு மூவர் கையில் இருந்திருந்தால், ஒருவர் ஓய்வெடுக்க மற்றிருவர் பார்த்திருப்பர். புதியவருடைய வேலையையும் பலர் கண் சோதித்திருக்கும். கூட்டத்தில் எழுந்து, வேலை செய்யாதவரை அகற்றுங்கள் என்று உரக்கச் சொல்பவர் யார், அவர் இதுவரை என்ன செய்தார் என்று பார்ப்பதும் நிருவாகத்தின் ஒரு பகுதியே. விதி முன்னதாக எழுதப்பட்டிருந்தால் அத்தகைய குரலுக்கு இடமிராது. இத்தனை மாதம், இத்தனை கூட்டம், இன்னாரிடம் கையளிப்பு என்று ஏட்டிலேயே இருக்கும்.

அகற்றிய பின் வருவார் இல்லாவிடின் என்ன செய்வது? அதுவும் நடந்தது. 2019 மார்ச்சில் டெபியன் தலைவர் பதவிக்கு நியமனம் கோரியபோது, குறித்த தினத்துக்குள் ஒருவருமே முன்வரவில்லை. அவ்வாறு நேர்ந்தால் இன்னொரு வாரம் நீடிக்க வேண்டுமென்று யாப்பிலே எழுதியிருந்தது. நீடித்தனர்; அபேட்சகர் பலர் வந்தனர்; தேர்தல் நடந்தது. பதற்றம் ஒரு வாரத்தோடு தீர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ சிலர், ஒருவரும் வராத நாளும் வரக்கூடும் என்று எண்ணி ஒரு வரி எழுதிவைத்ததன் பயன் அது.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி சொல்லி இறங்குகின்றேன். டெபியனில் 60,000க்கு மேற்பட்ட மென்பொருட் பொதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. நெடுநாள் அசைவில்லாதவரைத் தேடுவதற்கென்றே அங்கு ஒரு சிறு குழு இருக்கின்றது. முதலில் ஒரு கடிதம் போடுவர். பதில் வராவிடின் மீண்டும் போடுவர். பின்னரே அவருடைய பொதிகள் ‘அநாதை’ என்று அறிவிக்கப்படும். விரும்பும் ஒருவர் அதனைச் சுவீகாரம் எடுக்கலாம். இச்சொற்கள் நான் அழகுக்காகச் சேர்த்தவையல்ல. அவர்களுடைய ஏட்டில் அவ்வாறே வழங்குகின்றன. சுவீகாரம் எடுப்பவரிடம் பட்டமோ பிறப்புச் சாட்சிப் பத்திரமோ கேட்பதில்லை. செய்த வேலையை மூத்த நிரலாளர் ஒருவர் பார்த்துத் திருத்தி ஏற்பார். அநாதைப் பொதிகளின் பட்டியல் இணையத்தில் எவரும் பார்க்கத்தக்கதாக இருக்கின்றது. தமிழ் எழுத்துருக்களோடும் தட்டச்சோடும் சம்பந்தப்பட்ட பொதிகளும் டெபியனில் உண்டு. அந்தப் பட்டியலைப் பார்க்க விரும்புவோர் தேநீர் வேளையில் வந்தால் என் மடிக்கணினியிற் காட்டுவேன்.